நம் குளமும் நம் கட்டடமும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

கற்றறிந்த பெரியோர் பலர் பேசிய மேடை இது. கம்பனைப் பற்றியும் இளங்கோவைப் பற்றியும் அவர்கள் பேச, நாம் கீழே அமர்ந்து கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். அத்தகைய மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பார்சல் அலுவலகத்தில் இரசீது எழுதிக்கொண்டிருக்கும் ஓர் எழுத்தன் ஏறி நிற்பது துணிச்சல் என்றே சொல்ல வேண்டும். ஆயினும் செயலாளர் அவர்கள் என்னை விடவில்லை. "உமக்குத் தெரிந்ததைப் பற்றிப் பேசும், அது போதும்" என்று கட்டளையிட்டுவிட்டார். எனக்குத் தெரிந்தது அதிகமில்லை. பார்சல் இரசீது தெரியும். நம் குடியிருப்பின் பின்புறம் உள்ள குளம் தெரியும். இரசீதைப் பற்றிப் பேசினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். ஆகையால் குளத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

வங்காளத்து அண்டைவீட்டார் அதனை 'ஜீல்' என்று அழைக்கின்றனர். நம் வீடுகளில் அதற்கு 'ஏரி' என்று பெயர். உண்மையில் அது ஏரியும் அன்று. இயற்கையாய் அமைந்த நீர்நிலையும் அன்று. இருப்புப்பாதை போடுவதற்கு உயர்ந்த மண்கரை தேவைப்பட்டது. வங்காளத்தின் தாழ்ந்த நிலத்தில் அம்மண்ணுக்கு வெகுதூரம் போக இயலாது. பக்கத்திலேயே தோண்டி எடுத்துக் கரையை எழுப்பினார்கள். தோண்டிய பள்ளத்தில் மழைநீர் தங்கிற்று. அத்தகைய பள்ளத்திற்கு இரயில்வேயில் 'பாரோ பிட்' என்று பெயர். மனிதன் மண்ணைக் கடன் வாங்கினான். இயற்கை அக்கடனுக்கு நீரை நிரப்பிக்கொண்டது. இன்று வண்டிகள் மேலே ஓடுகின்றன; மீன்கள் கீழே ஓடுகின்றன. இரண்டும் ஒரே மண்ணின் இரு பாதிகள்.

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது என் தந்தையார் இவ்வூருக்கு மாற்றலாகி வந்தார். நாங்கள் செங்கற்பட்டுப் பக்கத்தினர். ஏரிக்கரையில் பிறந்து, ஏரி நீரில் விளைந்த நெல்லை உண்டு வளர்ந்தவர் என் அன்னையார். இங்கு வந்த முதல் வாரத்தில் அவருக்கு மொழியும் புரியவில்லை, கடுகெண்ணெயின் மணமும் பிடிக்கவில்லை. ஒரு மாலையில் குவார்ட்டர்ஸின் பின்வாசல் வழியாக நடந்து சென்று நீர்ப்பரப்பைக் கண்டார். திரும்பி வந்து என் தந்தையாரிடம், "இங்கேயும் ஏரி இருக்கிறது, இனி இருந்துவிடலாம்" என்றாராம். இதனை என் தந்தையார் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் குடும்பங்கள் பலவற்றிலும் இப்படி ஒரு கதை இருக்கக்கூடும்.

அன்பர்களே! குளம் என்பது நீர் நிறைந்த பள்ளம் என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது தவறு. குளம் ஒரு பணிமனை. இரவும் பகலும் முறை வைத்து வேலை நடக்கும் பணிமனை. அங்கு வேலை செய்வோரின் பட்டியலைச் சிறிது கேளுங்கள்.

முதல் ஊழியர் கண்ணுக்குத் தெரியாத பாசி. என் மகள் படிக்கும் பள்ளியில் நம் குளத்து நீரின் ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் காட்டினார்கள். பச்சைப் புள்ளிகளும் பச்சை நூல்களும் நிறைந்திருந்தன. அவற்றின் நடுவே நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிர் துள்ளிக்கொண்டிருந்தது. அப்பச்சைப் புள்ளிகள் பகலெல்லாம் வெயிலை உண்டு உயிர்க்காற்றை நீரில் விடுகின்றன. குளத்தில் விழும் அழுகிய இலை, சாக்கடைக் கழிவு ஆகியவற்றை நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. சிதைப்பதற்கு அவற்றிற்கு உயிர்க்காற்று வேண்டும். பாசி அதைக் கொடுக்கிறது. பாசி வளர்வதற்கு உரம் வேண்டும். நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைத்து அதைக் கொடுக்கின்றன. பாசியை நீர்த்தெள்ளு உண்கிறது. இரண்டையும் மீன் உண்கிறது. மீனை நீர்க்காகமும் நாமும் உண்கிறோம். ஒருவர் கையெழுத்திட்டு மற்றவரிடம் ஒப்படைக்கும் பார்சலைப்போல, ஒன்றின் கையிலிருந்து மற்றொன்றின் கைக்கு இப்பொருள் மாறிக்கொண்டே செல்கிறது. வழியில் எதுவும் காணாமற்போவதில்லை என்பதே எங்கள் அலுவலகத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு.

மீன்களிலும் வேலைப் பங்கீடு உண்டு. கட்லா மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுமட்டத்தில் மேயும். மிருகால் அடிமட்டத்தில் மேயும். மூன்றையும் ஒரே குளத்தில் விட்டால் ஒன்றோடொன்று பெரிதாகப் போட்டியிடுவதில்லை. ஒரே குவார்ட்டர்ஸில் மூன்று குடும்பங்கள் சண்டையின்றி வாழ்வது எப்படி என்பதை அவற்றிடம்தான் கற்க வேண்டும்.

இரவில் பாசிக்கு வெயில் இல்லை. அது உயிர்க்காற்றைக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, எல்லாரையும்போலத் தானும் எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறது. ஆகவே விடியற்காலையில்தான் குளத்தில் உயிர்க்காற்று மிகக் குறைந்திருக்கும். கழிவு மிகுந்த குளமாயின், அந்நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். முதல் ஷிப்டுக்குப் போகும் நம்மவர்கள் அதைக் கண்டு, "மீன்கள் விளையாடுகின்றன" என்று சொல்வார்கள். அவை விளையாடவில்லை, பெருமக்களே, மூச்சுக்குத் தவிக்கின்றன.

இதனை எனக்கு உணர்த்தியவர் ஒரு மீன்குஞ்சு வணிகர். நான் பணியில் சேர்ந்த புதிதில் நைஹாட்டிக்கு அருகில் ஒரு நிலையத்தில் வேலை பார்த்தேன். நைஹாட்டி மீன்குஞ்சு வாணிகத்திற்குப் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து அலுமினியப் பானைகளில் மீன்குஞ்சுகளை நிரப்பிக்கொண்டு பலர் உள்ளூர் வண்டிகளில் ஏறுவர். வண்டி ஓடும் நேரமெல்லாம் அவர்கள் பானை நீரைக் கையால் தட்டிக்கொண்டே இருப்பர். ஒருநாள் ஒருவரிடம் காரணம் கேட்டேன். "குஞ்சுகளுக்கு மூச்சுக் கொடுக்கிறேன், பாபு, கை நின்றால் அவை மாண்டுவிடும்" என்றார். பானையில் அவருடைய கை செய்த வேலையைக் குளத்தில் பாசியும் வெயிலும் காற்றும் செய்கின்றன. நாம் அதற்குக் கூலி கொடுப்பதில்லை. ஆகையால் அது வேலை என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

இப்பணி எவ்வளவு பெரிது என்பதை அறிய வேண்டுமானால், ஹூக்ளி ஆற்றைக் கடந்து கொல்கத்தாவின் கிழக்கு எல்லைக்குச் செல்ல வேண்டும். அங்கே 12,500 ஹெக்டேர் பரப்பில் கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் உள்ளன. முன்னாளில் நகரத்தின் கழிவுநீர் வித்யாதரி என்னும் ஆற்றில் சென்று கலந்தது. அவ்வாறு மண்ணடைந்து தூர்ந்து, 1928ஆம் ஆண்டில் இறந்துபோன ஆறு என்று அறிவிக்கப்பட்டது. கடல்நீர் வரத்து நின்றது. உப்பு நீரில் மீன் வளர்த்துவந்த சதுப்பு நிலங்கள் வறண்டன. அப்போது, 1930ஆம் ஆண்டை ஒட்டி, அங்கிருந்தோர் நகரத்தின் கழிவுநீரையே தம் குளங்களுக்குள் விட்டு மீன் வளர்க்கத் தொடங்கினர். அக்குளங்களுக்கு 'பேரி' என்று பெயர்.

கழிவுநீரில் மீனா என்று முகம் சுளிக்க வேண்டாம். அவர்கள் செய்யும் முறையைக் கேளுங்கள். குளிர்காலத்தில் குளத்தை வற்றவைத்து அடிமண்ணை வெயிலில் காயவைப்பர். பிறகு கழிவுநீரை அளவாக விட்டுச் சில வாரங்கள் காத்திருப்பர். குளங்கள் ஆழமற்றவை, பெரும்பாலும் மார்பளவுக்கு மேல் நீர் நிற்பதில்லை. ஆகவே வெயில் நன்கு இறங்குகிறது. நான் முன்னர்ச் சொன்ன பாசியும் நுண்ணுயிரும் கைகோத்து நீரைத் தெளியவைக்கின்றன. நீரின் நிறத்தையும் மணத்தையும் கண்டு, பக்குவமாயிற்று என்று தெரிந்த பின்னரே குஞ்சுகளை விடுவர். அலையால் கரை இடியாதிருக்க, ஓரங்களில் மட்டும் ஆகாயத்தாமரையை மூங்கில் கட்டி நிறுத்துவர். பல கோடி லிட்டர் கழிவுநீர் நாள்தோறும் இவ்வழியே செல்கிறது. நகரத்தார்க்கு மீனும், பக்கத்து நிலங்களில் காய்கறியும் நெல்லும் கிடைக்கின்றன. கழிவுநீரால் மீன் வளர்க்கும் அமைப்புகளுள் உலகிலேயே மிகப் பெரியது இதுவே என்று அறிஞர் கூறுவர்.

இதன் அருமையை உலகறியச் செய்தவர் துருபஜோதி கோஷ் என்னும் பொறியாளர். மாநில அரசுப் பணியில் இருந்த அவர், 1980களின் தொடக்கத்தில் நகரத்துக் கழிவுநீர் எங்கே போகிறது, என்ன ஆகிறது என்று தேடிச் சென்றார். கால்வாய் போன வழியே போனவர், படித்த பொறியாளர் எவரும் வரைபடம் போட்டுக் கொடுக்காத ஒரு சுத்திகரிப்பு நிலையத்தை மீனவர்களும் உழவர்களும் நடத்திவருவதைக் கண்டார். அன்று முதல் 2018இல் மறையும் வரை அந்நிலங்களின் பாதுகாப்பே அவருடைய வாழ்வாயிற்று. 1992இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அந்நிலங்களைக் காக்குமாறு தீர்ப்பளித்தது. 2002இல் அவை ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் பல நாடுகள் கூடி ஈரநிலங்களைக் காக்க உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பெயரால் அமைந்த பட்டியல் அது. 2006இல் மாநிலச் சட்டமன்றமும் அந்நிலங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றிற்று.

அதற்கு முன்னரே இழந்தது உண்டு. 1962இல் ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து கொட்டி உப்பு ஏரியின் ஒரு பகுதியை மேடாக்கத் தொடங்கினர். இன்று அதுவே சால்ட் லேக் எனப்படும் பிதான்நகர். பெயரில் ஏரி இருக்கிறது; இடத்தில் வீடுகள் இருக்கின்றன. மக்கள்தொகை பெருகிய நகரத்திற்கு வீடுகள் வேண்டியிருந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏரியை வீடாக்கலாம். வீட்டைத் திரும்ப ஏரியாக்க முடியாது. இக்கணக்கில் வரவு எழுதும்போதே செலவையும் எழுத வேண்டும்.

இரயில்வேக்கும் இதில் பெருமை கொள்ளத்தக்க இடம் ஒன்று உண்டு. ஹௌரா மாவட்டத்தில் சாந்த்ராகாச்சி நிலையத்தை ஒட்டியிருக்கும் ஜீல் இரயில்வேக்குச் சொந்தமானது. குளிர்காலத்தில் அங்கே ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் கூடுகின்றன. சீழ்க்கைச் சிறகி என்னும் சிறு வாத்தினமே மிகுதி. வடக்கே நெடுந்தொலைவிலிருந்து வரும் ஊசிவால் வாத்து போன்றவையும் உடன் வருவதுண்டு. பருவம் தொடங்குமுன் ஆகாயத்தாமரையை அகற்றுகிறார்கள். ஆனால் முழுவதும் அகற்றுவதில்லை. பறவைகள் அமர்ந்து இளைப்பாறுவதற்காகத் தீவு தீவாகச் சிலவற்றை விட்டுவைக்கிறார்கள். சென்ற தை மாதத்தில் என் மகளை அங்கே அழைத்துச் சென்றேன். ஒருபுறம் மின்சார வண்டிகள் ஊதிக்கொண்டு போயின. மறுபுறம் சிறகிகள் சீழ்க்கையடித்துக்கொண்டிருந்தன. பயணச்சீட்டின்றி வந்த அப்பயணிகளைக் கண்டு மகிழ, பயணச்சீட்டு வாங்கிய மக்கள் வரிசையாக நின்றார்கள்.

இனி நம் சொந்த நாட்டின் பக்கம் சற்றுத் திரும்புவோம். நம் உறவினர் பலர் சென்னையில் இருக்கின்றனர். 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து வெள்ளத்தில் அவர்களைத் தொலைபேசியில் பிடிக்க முடியாமல் நாம் இக்குடியிருப்பில் இரண்டு மூன்று இரவுகள் உறங்காமல் கிடந்ததை எவரும் மறந்திருக்க முடியாது. பெய்தது பெருமழைதான், எனினும் அதனை ஏற்று வைத்திருக்க வேண்டிய பள்ளிக்கரணைச் சதுப்பும் பல ஏரிகளும் சுருங்கிப்போயிருந்தன என்பதும் உண்மை. நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2019ஆம் ஆண்டுக் கோடையில் அதே சென்னையில் குடிக்க நீர் இல்லை. ஜூலை 12ஆம் நாள் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்திற்கு முதல் தண்ணீர் வண்டி போய்ச் சேர்ந்தது. 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர் காவிரி நீர். இரயில்வே ஊழியன் என்ற முறையில் அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. தமிழன் என்ற முறையில் தலை குனிந்தேன். நீரில் மூழ்கிய நகரம் நான்கே ஆண்டுகளில் நீரை வேகனில் வாங்கியது. பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது நற்செய்தி. எஞ்சியிருப்பது அங்ஙனம் பட்டியலில் ஏறியது.

அந்தத் தண்ணீர் வண்டியைக் கொண்டு நான் ஒரு கணக்குப் போட்டேன். எழுத்தனுக்குக் கணக்குத்தானே பொழுதுபோக்கு. நம் குளம் ஏறத்தாழ இரண்டு ஏக்கர். அஃதாவது 8,000 சதுர மீட்டர். சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்று கொண்டால், நிறைந்திருக்கும்போது அதில் 1 கோடியே 20 லட்சம் லிட்டர் நீர் இருக்கும். சென்னைக்குப் போனவை போன்ற தண்ணீர் வண்டிகள் ஐந்து, நம் பின்வாசலில் எஞ்சின் இல்லாமல் நின்றுகொண்டிருக்கின்றன என்று பொருள்.

பெருமக்களே! இனி நான் சொல்லப்போவது எனக்கு எளிதன்று. நம் குளம் முன்பு இரண்டேகால் ஏக்கர் இருந்தது. மேற்கு மூலையில் கால் ஏக்கர் இப்போது இல்லை. அங்குதான் நம் பொங்கல் மேடை இருக்கிறது. 2013ஆம் ஆண்டில், விழாவுக்கு இடம் போதவில்லை, அந்த மூலையில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கினால் நன்றாயிருக்கும் என்று நாம் சிலர் முடிவு செய்தோம். அதற்கான விண்ணப்பத்தை எழுதியவன் நான். என் கையெழுத்து அழகாயிருக்கும் என்று அப்பணியை எனக்குத் தந்தார்கள். "பயனற்றுக் கிடக்கும் பள்ளம்" என்று அதில் எழுதினேன். அச்சொற்கள் இன்றும் என் நினைவில் இருக்கின்றன.

அந்த மூலைதான் நம் தெருக்களின் மழைநீர் குளத்திற்குள் இறங்கும் வாய் என்பதை அன்று நான் அறியவில்லை. அந்தக் கால் ஏக்கரில் 15 லட்சம் லிட்டர் நீருக்கு இடம் இருந்தது என்றும் கணக்குப் போடவில்லை. 2015ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் தென்வங்கத்தில் விடாமழை பெய்தது. போக வழியில்லாத நீர் திரும்பிற்று. கீழ்வரிசை வீடுகளில் முழங்காலளவு நின்றது. மேல்வரிசையில் இருந்த என் வீட்டிற்குள் ஒரு சொட்டும் வரவில்லை. ஆனால் நம் சங்க நூலகத்திற்குள் புகுந்தது.

மறுநாள் காலையில் நூலகக் கதவைத் திறந்தவர்களுள் நானும் ஒருவன். கீழ்த்தட்டுகள் இரண்டிலும் இருந்த நூல்கள் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, கையில் எடுத்தால் கூழாகின. அவற்றுள் நம் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்களும் இருந்தன. நம்மவர்கள் சிறு ஊதியத்தில் மிச்சம் பிடித்துக் காசு சேர்த்து அச்சிட்டவை. அவற்றில் ஒன்றில் நன்கொடையாளர் பட்டியலில் என் தந்தையாரின் பெயர் இருந்தது. 'ரூ. 5' என்று எதிரே அச்சாகியிருந்தது. அம்மலரின் வேறு படி எங்கும் இல்லை. பயனற்ற பள்ளம் என்று நான் எழுதிய இடம், அத்தனை ஆண்டுகளாக அம்மலர்களைக் காத்துவந்தது என்பதை அன்று அறிந்தேன். கீழ்வரிசை வீடுகளில் வசிக்கும் குடும்பத்தார் எவரும் என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. இன்று இம்மேடையில் அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இதனை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. வரும் பொதுக்குழுவில் நம் சங்கத்திற்குச் சொந்தக் கட்டடம் எழுப்புவது பற்றித் தீர்மானம் வரவிருக்கிறது. அதனை நான் முழுமனத்துடன் ஆதரிக்கிறேன். நம் பிள்ளைகள் தமிழ் படிப்பதற்கு ஒரு கூடம் வேண்டும். ஆனால் அதற்கு இடமாகக் குளத்தின் தெற்குக் கரையை ஒட்டி அரை ஏக்கரை மேடாக்கலாம் என்ற யோசனையை நான் ஆதரிக்க இயலாது. கால் ஏக்கருக்கு நூலகத்தைக் கொடுத்தோம். அரை ஏக்கருக்கு எதைக் கொடுக்கப் போகிறோம்?

குளத்தால் கொசு வருகிறது என்று சிலர் சொல்கின்றனர். நியாயமான கவலைதான். டெங்கு பரப்பும் கொசு நம் வீட்டுப் பூந்தொட்டித் தட்டிலும், மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டயரிலும், மூடாத தொட்டியிலும் தேங்கும் சிறிதளவு நீரில் பெருகுவது. மீனும் தவளையும் தும்பியின் குஞ்சுகளும் உள்ள திறந்த நீரில் கொசுப்புழு நெடுநேரம் பிழைப்பதில்லை. ஆனால் ஆகாயத்தாமரை மூடிச் சாக்கடையாய்ப்போன நீரில் வேறுவகைக் கொசு பெருகும் என்பதும் உண்மை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அச்செடி நீர்மேல் பாய் விரித்ததுபோல் மூடினால் வெயில் உள்ளே இறங்காது. பாசிக்கு வேலை நின்றுபோகும். செடி அழுகும்போது இருக்கும் உயிர்க்காற்றும் தீர்ந்துபோகும். ஆகவே கொசுவுக்கு மருந்து குளத்தை மூடுவதன்று; குளத்தின் முகத்தை மூடியிருப்பதை நீக்குவது.

குழந்தைகள் தவறி விழுந்துவிடுவர் என்று தாய்மார்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. விளையாட்டு மைதானத்தின் பக்கம் இடுப்பளவுக் கம்பிவேலி ஒன்று போட்டாக வேண்டும். நாற்றம் வீசுகிறது என்கின்றனர். கீழ்வரிசைச் சாக்கடையின் வாயில் ஒரு கம்பிவலை கட்டினால் பாலிதீன் பைகள் குளத்திற்குள் போகா. வாரம் ஒருமுறை அவற்றை அள்ளிவிடலாம்.

இடமில்லையே என்று கேட்கலாம். இருக்கும் நூலகத்தின் மேலேயே ஒரு தளம் எழுப்ப விண்ணப்பிப்போம். பொறியாளர் சுவரைப் பார்த்துச் சரி என்றால், நூல்களும் மேலே போய்விடும், கூடமும் கிடைத்துவிடும். சுவர் தாங்காது என்றால், கூரை இடிந்து பூட்டிக் கிடக்கும் பழைய கிடங்கின் இடத்தைக் கேட்போம். இரண்டும் காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். ஆனால் குளத்தை மூடுவது விரைவில் முடியும் என்பதற்காக அது நல்லதாகிவிடாது. மேலும், மேற்கு வங்கத்தில் 5 கட்டா, அஃதாவது ஏறத்தாழ 3,600 சதுர அடி அல்லது அதற்கு மேற்பட்ட நீர்நிலையை மூடுவதை உள்நாட்டு மீன்வளச் சட்டம் தடுக்கிறது. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1993இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. 2013இல் நான் அதை அறியாமல் எழுதினேன். இன்று நாம் எல்லாரும் அறிந்துவிட்டோம்.

தமிழர்களாகிய நாம் நீர்நிலைக்குச் சூட்டிய பெயர்களை எண்ணிப் பாருங்கள்: குளம், ஏரி, கண்மாய், ஊருணி, தாங்கல், ஏந்தல், பொய்கை, சுனை, கயம். வங்காளியரும் நமக்கு இளைத்தவர் அல்லர்: புகுர், திகி, ஜீல், பில், பேரி. ஒரு பொருளுக்கு இத்தனை பெயர் வைத்த மக்கள் அதை எவ்வளவு உற்றுப் பார்த்திருக்க வேண்டும்! வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்தார். புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு, நாட்டில் நீர்நிலைகளைப் பெருக்குமாறு அறிவுரை கூறினார். அப்பாட்டைப் பற்றிச் சொற்பொழிவு நிகழ்த்துவதற்காக ஒரு குளத்தை மூடிக் கூடம் கட்டினோம் என்று நம் பிள்ளைகள் நம்மைப் பார்த்துச் சிரிக்கலாகாது.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, கட்டடத் தீர்மானத்தில் 'குளக்கரை' என்னும் சொல்லை நீக்கி, 'நூலகத்தின் மேல்தளம்' என்று திருத்த வேண்டும். இரண்டாவது, மேற்கு மூலையில் நாம் கொட்டிய இடிபாட்டில் ஒரு வாய்க்கால் அளவேனும் வெட்டி, தெருநீருக்குப் பழைய வழியைத் திறந்துவிட அனுமதி பெற வேண்டும். பொங்கல் மேடை சற்றுச் சிறியதாகும், பொங்கல் சிறியதாகாது. மூன்றாவது, மழைக்காலம் முடிந்ததும் ஆண்டுதோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாமும் வங்காள அண்டைவீட்டாரும் சேர்ந்து ஆகாயத்தாமரையை அகற்ற வேண்டும். கிழக்கு ஓரத்தில் மட்டும் சிறிது விட்டுவைப்போம். தாழைக்கோழி அங்கேதான் கூடு கட்டுகிறது.

மேல்தள நிதிக்கு என் ஒரு மாத ஊதியத்தை அளிக்கிறேன். இது பெருமைக்காகச் சொல்வதன்று. 2013இல் எழுதிய விண்ணப்பத்திற்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி. புதிய விண்ணப்பத்தையும் நானே எழுதித் தருகிறேன். இம்முறை அதில் "பயனற்ற பள்ளம்" என்ற சொற்கள் இரா.

என் அன்னையார் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. நடமாட முடிந்த நாள்வரை மாலைதோறும் அவர் குளக்கரையில் அமர்ந்திருந்ததை நீங்கள் பலரும் கண்டிருப்பீர்கள். இன்று அவ்விடத்தில் என் மகள் அமர்ந்து நோட்டுப் புத்தகத்தில் பறவைகளின் பெயரைத் தமிழிலும் வங்காளத்திலும் எழுதிவைக்கிறாள். சென்ற மாதம் வரை பதினேழு பெயர்கள் ஆகியிருக்கின்றன. அந்த நோட்டு நிரம்பும் வரையிலாவது குளம் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.